பழைய காரின் அலாய் வீலுக்கு மெருகேற்றும்போது எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

அலாய் வீலுக்கு மெருகேற்றத் தொடங்கி நடுவழியில் கைவிட்டவர்கள் பெரும்பாலும் பாலிஷ் பசையைத்தான் குறை கூறுவார்கள். பசையின் மேல் பிழை இருப்பது அரிது. பளபளப்பு என்பது கடைசி அரை மணி நேரத்து வேலை. அதற்கு முன் இரண்டு நாள் செய்த வேலையில் எங்கோ விட்ட குறை, அந்த அரை மணி நேரத்தில் வெளியே தெரிகிறது. ஆகவே ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, அது எந்தப் படியில் பிறந்தது என்று பின்னோக்கிச் சென்று பார்ப்பதே இங்கே என் நோக்கம்.

நான் மனத்தில் வைத்து எழுதுவது என்னுடைய 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியை. திருவான்மியூரில், கடற்காற்று நேரே வந்து அடிக்கும் தெருவில் நிற்கிற வண்டி அது. அதிலுள்ள 14 அங்குல வீல்கள் காரோடு வந்தவை அல்ல. முதல் உரிமையாளர் வெளியே வாங்கி மாட்டியவை. வார்ப்பு அலாய் வீல்களில் மிகுதியாகப் பயன்படும் உலோகம் ஏ356 என்ற கலவை. அலுமினியத்துடன் ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் சேர்ந்தது அது. வார்த்த பிறகு டி6 என்ற வெப்பப் பதப்படுத்தலால் அதற்கு வலிமை ஏற்றுகிறார்கள். இந்த இரண்டு செய்திகளும் கீழே மீண்டும் தேவைப்படும்.

எவ்வளவு தேய்த்தாலும் துணி கருப்பாகவில்லை

முதலில் செய்ய வேண்டிய சோதனையே இதுதான். வீலைக் கழுவித் துடைத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில், வெள்ளைப் பனியன் துணியில் பட்டாணி அளவு மெட்டல் பாலிஷை எடுத்து அரை நிமிடம் தேய்க்க வேண்டும். துணி மை போலக் கருத்தால் நீங்கள் வெறும் அலுமினியத்தைத் தேய்க்கிறீர்கள் என்று பொருள். அந்தக் கருப்பு, உலோகத்திலிருந்து உரிந்து வந்த நுண்துகள். துணி கருக்காவிட்டால் உலோகத்தின் மேல் வேறு ஏதோ ஒரு தோல் இருக்கிறது. அந்தத் தோல் இருக்கும் வரை, மணிக்கணக்கில் தேய்த்தாலும் நீங்கள் மெருகேற்றுவது அந்தத் தோலைத்தான்.

அது எந்தத் தோல் என்பதை அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, இரு முனைகளையும் வீலின் முகத்தில் மெல்லத் தொட வேண்டும். கீறிவிடக் கூடாது. மீட்டர் ஒலி எழுப்பினால் மேலே இருப்பது பெரும்பாலும் குரோம் முலாம். சற்று நீலம் கலந்த பளபளப்பு அதை உறுதிசெய்யும். குரோம் வீலை வீட்டில் உரிக்க முயலக் கூடாது, அது முலாம் பட்டறையின் வேலை. மீட்டர் ஊமையாக இருந்தால் கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு), பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு), அனோடைசிங் ஆகிய மூன்றில் ஒன்று. சிறிது பெயின்ட் ரிமூவரைத் தடவிக் காத்திருங்கள். கிளியர் கோட் சுருங்கி எழும்பும். பவுடர் கோட்டிங் நெடுநேரம் அசையாமல் இருந்து, இரண்டாம் மூன்றாம் தடவலில் வீங்கும். அனோடைசிங் எதற்கும் அசையாது, ஏனெனில் அது பூச்சே அல்ல, உலோகத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கடினமான ஆக்சைடாக மாற்றியது.

கிளியர் கோட்டின் அடியில் வெள்ளைப் புழுக்கள் ஊர்ந்தது போன்ற தடங்கள்

கடலோர ஊர்களில் பழைய அலாய் வீல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். வீலின் விளிம்பிலோ, கல் தெறித்த ஒரு புள்ளியிலோ தொடங்கி, நூல் நூலாக வளைந்து வளைந்து செல்லும் வெண்கோடுகள். இழை அரிப்பு என்று இதைச் சொல்லலாம். பூச்சில் விழுந்த ஒரு சிறு காயத்தின் வழியாக உப்பும் ஈரமும் உள்ளே போகின்றன. இழையின் தலைப்பகுதியில் அமிலத் தன்மையுள்ள ஒரு சொட்டு நீர் உலோகத்தைத் தின்றுகொண்டே முன்னேறுகிறது. பின்னால் விட்டுச் செல்லும் வெண்பொடி பூச்சைத் தூக்கிவிடுகிறது. நான் சுரண்டிப் பார்த்த ஒரு தடத்தில், பூச்சு வெங்காயச் சருகு போலக் கழன்று வந்தது. அடியில், பென்சிலால் கிறுக்கியது போன்ற சாம்பல்நிறப் பள்ளம்.

இதற்குப் பலரும் செய்வது, கெட்ட இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு அதன்மேல் ஸ்ப்ரே அடிப்பது. சில மாதங்களில் அதே இடத்தின் ஓரத்திலிருந்து மீண்டும் கிளம்பும், ஏனெனில் உப்பு பழைய பூச்சின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிறது. முகம் முழுவதிலும் உள்ள பூச்சை உரித்தாக வேண்டும். உரித்த பிறகு, பள்ளத்தின் அடியில் சாம்பல் நிறம் சிறிதும் மிஞ்சாமல் 240 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக் கூட அது நுண்மையாகும்) தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும்.

லேத்தில் கடைந்து முகத்தில் நுண்வரிகள் விட்ட வீல்களுக்கு, டயமண்ட் கட் என்று விற்கப்படுபவற்றுக்கு, இந்த நோய் அதிகமாக வருகிறது. கடைசலின் கூரிய விளிம்புகளில் பூச்சு மெலிந்து நிற்பதே காரணம். அந்த வரிகளைக் கையால் மீட்க முடியாது. மீண்டும் கடையலாம், ஆனால் ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் குறைகிறது என்பதால் ஒரு வீலுக்கு ஓரிரு முறைக்கு மேல் அதைச் செய்யக் கூடாது.

பூச்சு உரிய மறுக்கிறது

பொறுமைதான் மருந்து. ரிமூவரைத் தடித்த பூச்சாகத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, நிழலில் வைத்தால் அது காயாமல் வேலை செய்யும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்த வேலையை மூடிய அறையில் செய்யக் கூடாது. சுரண்டுவதற்குப் பிளாஸ்டிக் தகடு போதும்.

செய்யக் கூடாதவை இரண்டு. காஸ்டிக் சோடா, பூச்சோடு சேர்த்து அலுமினியத்தையும் கரைக்கும். அப்போது பொங்கி வரும் குமிழிகள் ஹைட்ரஜன் வாயு, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மற்றொன்று, கேஸ் டார்ச்சால் பூச்சைச் சுட்டு எடுப்பது. ஏ356 வீலின் வலிமை 155 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் பல மணி நேரம் வைத்து வரவழைத்த வலிமை. டார்ச்சின் சுடரோ அதைவிடப் பல மடங்கு சூடு. எந்த இடம் எவ்வளவு சூடேறியது என்பதும் நமக்குத் தெரியாது. கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாமல் அந்த இடம் மென்மையாகிவிடும். அடுத்த பெரிய பள்ளத்தில்தான் அது தெரியவரும்.

கழுவிய பின் வீல் சாம்பல் பூத்து, திட்டுத்திட்டாகக் கருத்துவிட்டது

இது எனக்கே நேர்ந்தது. முதல் முறை மெருகேற்றி முடித்த மறுவாரம், வழக்கமாகப் போகாத ஒரு வாட்டர் சர்வீஸில் வண்டியை விட்டேன். வீலுக்கு ஒரு திரவத்தை அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது, வீலின் ஆரங்களின் (ஸ்போக்குகளின்) மேல் திரவம் வழிந்த தடம் அப்படியே மங்கிய கோடுகளாகப் பதிந்திருந்தது.

அலுமினியத்தின் மேல் காற்றுபட்டதும் தானாக உருவாகும் ஆக்சைடு படலம், சில நானோமீட்டர் தடிமன்தான் என்றாலும், உலோகத்தைக் காப்பது அதுவே. பிஎச் அளவு ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை உள்ள நீரில் அது நிலைத்திருக்கும். அதற்குக் கீழே உள்ள கடுமையான அமிலமும், மேலே உள்ள காரமும் அதைக் கரைத்து உலோகத்தை அரிக்கும். அடுப்பங்கரையில் இதைக் கண்ணால் காணலாம்: சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்த அலுமினியப் பாத்திரம் கருக்கும், அதே பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் உட்புறம் மறுபடி வெளுக்கும். சாம்பலும் கருப்பும் பெரும்பாலும் காரத்தின் கைவரிசை. அதற்கு 1000 நம்பர் பேப்பரிலிருந்து மீண்டும் ஏறி வந்தால் போதும். அமிலம் பட்ட இடம் வெண்மையாகப் பூத்து, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அங்கே 400 வரை இறங்க நேரிடலாம். வீல் கிளீனர்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதைத் தரும் உப்போ இருக்கும். அது தோலின் வழியே ஊடுருவி எலும்பு வரை தாக்கக்கூடியது. லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் புட்டியைத் தொடாதீர்கள். வெறும் அலுமினிய வீலுக்குக் கார் ஷாம்புவுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

பளபளக்கிறது, ஆனால் வெயிலில் கீறல்கள் தெரிகின்றன

மெருகு வேலையில் மிகுதியாக வரும் குறை இது. நேரத்தையும் மிகுதியாகத் தின்பது இது. எல்லாக் கீறல்களும் ஒரே வகை அல்ல என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தனித்தனியாக, நகத்தில் லேசாகத் தட்டுப்படும்படி ஆழமாக ஓடுபவை, முதலில் பயன்படுத்திய முரட்டுப் பேப்பரின் கீறல்கள். அடுத்த பேப்பர் அவற்றை முழுவதும் அழிக்கவில்லை. கூட்டமாக, ஒரே திசையில், மெல்லிய மூடுபனி போலத் தெரிபவை கடைசிப் பேப்பருடையவை. வட்ட வட்டமாகத் தெரிபவை பஃபிங் சக்கரம், அதாவது மெஷினில் மாட்டி மெருகேற்றும் துணிச் சக்கரம், விட்டவை.

முதல் வகைக்கு, பாலிஷை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவது ஒன்றே வழி. எவ்வளவு பசை போட்டாலும் 320 நம்பர் கீறலை அது அழிக்காது. கீறலின் ஓரங்களை மழுக்கி, அதையும் பளபளக்கவைக்கும், அவ்வளவுதான். நான் பின்பற்றும் வரிசை 320, 400, 600, 800, 1000, 1500, 2000. அரிப்பு ஆழமாக இருந்தால் மட்டும் 240இலிருந்து தொடங்குவேன். 400இலிருந்து 1000க்குத் தாவுவதால் மிச்சமாகும் பத்து நிமிடத்துக்கு, பின்னால் ஒரு மணி நேரம் வட்டி கட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு பேப்பரையும் முந்தைய பேப்பரின் திசைக்குக் குறுக்காக ஓட்ட வேண்டும். வீலின் விளிம்பில் 400ஐ வட்டத்தோடு ஓட்டினால், 600ஐ உள்ளிருந்து வெளியாக ஓட்டலாம். அப்போது பழைய கீறல் எதுவும் மிஞ்சியிருந்தால் குறுக்குக் கோடாகத் தனித்துத் தெரியும். அது மறையும் வரை அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. வட்டத்தோடு மட்டுமே ஓட்டக்கூடிய குறுகிய விளிம்புகளுக்கு ஒரு தந்திரம் உண்டு: கருப்பு மார்க்கர் பேனாவால் பரப்பு முழுவதும் பூசிவிட்டு, மை எந்தப் பள்ளத்திலும் தங்காமல் போகும் வரை தேய்ப்பது.

பேப்பரைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வாளியில் இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டுத் தேய்த்தால் துகள் அடையாது. நம்பர் மாறும்போது வாளித் தண்ணீரும் மாற வேண்டும். 400இன் ஒரே ஒரு துகள் 1500இன் பேப்பரில் மாட்டினால் அரைமணி வேலை வீண். உலர்ந்த நிலையில் தேய்க்காததற்கு இன்னொரு காரணம், நுண்ணிய அலுமினியத் தூசி எளிதில் தீப்பற்றும் என்பது. ஈரமான கசடும் மெதுவாக ஹைட்ரஜனை வெளியிடும் என்பதால், அதை மூடிய டப்பாவில் சேர்த்துவைக்காமல் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் டார்ச் விளக்கைப் பரப்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து விழும் குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லா வீலும் நன்றாகத்தான் தெரியும்.

வட்டக் கீறல்களுக்குக் காரணம் பெரும்பாலும் சக்கரத்தில் கலந்துபோன பஃபிங் சோப்புகள். பழுப்பு நிறச் சோப்பு வெட்டுவதற்கு, வெள்ளை மெருகுக்கு; ஒவ்வொன்றுக்கும் தனித் துணிச் சக்கரம் வேண்டும், தரையில் விழுந்த சக்கரத்தை மீண்டும் மாட்டக் கூடாது. நான்கு அங்குல கிரைண்டரில் துணிச் சக்கரத்தை மாட்டுவதும் தவறு. அது நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். சோப்பு கருகி உலோகத்தின் மேல் கருப்புத் தாராகப் படியும், சக்கரம் ஆரத்தின் ஓரத்தில் மாட்டினால் கிரைண்டரே கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். 3,000 சுற்றுக்கு மேல் போகாத டிரில் மெஷின் போதும். படிந்த தாரை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

தேய்க்கத் தேய்க்க ஊசித் துளைகள் அதிகமாகின்றன

வார்ப்பின்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகளே இவை. மேல்தோலைத் தேய்த்து எடுத்ததும் வாய் திறக்கின்றன. ஆழமாகத் தேய்த்தால் புதியவைதான் திறக்கும். ஆகவே நிறுத்திவிடுங்கள். அந்த ஆரத்துக்குப் பெயின்ட் அடிப்பதே தீர்வு.

விளிம்பில் பள்ளம், நெளிவு, சந்தேகமான கோடு

நடைபாதைக் கல்லில் உரசிய தழும்பு வெளிவிளிம்பின் ஓரத்தில், ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், அரத்தால் ஓரங்களைச் சரித்துவிட்டு மேற்சொன்ன வரிசையில் தேய்க்கலாம். எபாக்சி வைத்து அடைத்தால் அந்த இடம் ஒருநாளும் உலோகம் போல மின்னாது, பெயின்டின் அடியில்தான் அதற்கு இடம்.

கோடு ஒன்று தெரிந்து, அது கீறலா விரிசலா என்று ஐயம் வந்தால் பழைய பட்டறைகளின் ஒரு சோதனை இன்றும் பயன்படும். விரிசல்கள் பெரும்பாலும் வீலின் உட்புற விளிம்பில், காரின் அடியைப் பார்க்கும் பக்கத்தில் வரும் என்பதால், டயரைக் கழற்றிவிட்டு அங்கே தேட வேண்டும். சுத்தம் செய்த இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். வெறும் கீறலானால் பொடி வெள்ளையாகவே இருக்கும். விரிசலானால் உள்ளே போன மண்ணெண்ணெய் சிறிது நேரத்தில் மேலேறி, பொடியில் முடிபோன்ற ஓர் ஈரக்கோட்டை வரையும். அந்தக் கோட்டைப் பார்த்த வீலை நான் வெல்டிங்குக்கு அனுப்ப மாட்டேன், பழைய இரும்புக் கடைக்கே அனுப்புவேன். வெல்டிங் சூடு டி6 வலிமையை அந்த இடத்தில் போக்கிவிடும் என்பதே காரணம்.

மெருகேற்றி மாட்டிய பிறகு காற்று மெதுவாக இறங்குகிறது

டயரின் பீடு, அதாவது வீலைக் கவ்விப் பிடிக்கும் அதன் உள்விளிம்பு, உட்காரும் வரம்பில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். நுரை எழும் இடத்தில் வெண்பொடி அரிப்போ, நீங்களே அளவுக்கு மீறித் தேய்த்த மேடுபள்ளமோ இருக்கும். அந்த வரம்பு மெருகுக்கான இடமே அல்ல. பச்சை நார்ப்பட்டையால் பொடியை மட்டும் நீக்கி, பஞ்சர் கடையில் பீடு சீலர் தடவி டயரை ஏற்றச் சொல்லுங்கள். டயர் கழற்றிய நேரத்திலேயே வால்வையும் மாற்றிவிடுவது நல்லது.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது

மெருகேற்றும்போது, வீல் சமமாகச் சுழல்வதற்காக அதில் ஒட்டியிருந்த சிறு எடைகள் உதிர்ந்திருக்கும். பேலன்சிங் செய்தாக வேண்டும். அப்படியும் நடுக்கம் போகாவிட்டால் வெளிக்கடை வீல்களுக்கே உரிய காரணங்கள் இரண்டைப் பாருங்கள். ஹோண்டா சிட்டியின் ஹப்பின் (வீல் மாட்டப்படும் அச்சுப் பகுதியின்) நடுமேடு 56.1 மில்லிமீட்டர், பல கார்களுக்கும் பொருந்தும்படி செய்த வெளிக்கடை வீலின் நடுத்துளை பல நேரங்களில் 73.1 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். வீலைக் கழற்றும்போது அது ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு துருவோடு துருவாகக் கிடக்கும், அல்லது வாளிக் கசடோடு குப்பைக்குப் போய்விடும். என் வண்டியில் போனது முன்பக்க இடது வளையம்.

அடுத்தது நட்டு. ஹோண்டாவின் சொந்த வீல்களுக்கு நட்டின் அடி உருண்டை வடிவம். வெளிக்கடை வீல்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் ஒரு வளையக் கோட்டில் மட்டுமே பிடித்திருக்கும். ஓட ஓடத் தளரும். நட்டு உட்காரும் குழியில் பெயின்டோ பாலிஷ் பசையோ இருந்தாலும் இதே விளைவுதான். குழியைச் சுத்தமாகத் துடைத்து, ஹப் முகத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, 12×1.5 அளவு (12 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி) நட்டுகளை எதிரெதிராக 108 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இரண்டே வாரத்தில் மெருகு மங்கிவிட்டது

வட்ட வட்டமான வெண்புள்ளிகளானால் அது போர் தண்ணீரின் சுண்ணாம்பு. ஒரு பங்கு வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் அலசினால் போகும். சீரான மங்கலானால் கடற்காற்றின் வேலை; கையால் ஒருமுறை பாலிஷ் போட்டு, உலர்ந்த பின் கார் வேக்ஸ் பூச வேண்டும். திருவான்மியூரில் எனக்கு அது மூன்று வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிறது.

இந்தத் தொல்லைக்கு அஞ்சி, கண்ணாடி போல மெருகேறிய பரப்பின் மேல் கிளியர் கோட் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடிக்கலாம், ஆனால் நிற்காது. பூச்சு பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். அதைத்தானே நாம் ஏழு பேப்பர் போட்டு அழித்தோம். ஒரு கல் தெறித்தால் தாளாக உரியும், அதன் அடியில் புழுத் தடம் மீண்டும் தொடங்கும். என் வீல்களில் துடைக்க எளிதான வெளிவிளிம்பை மட்டும் வெறும் உலோகமாக விட்டு, விரல் நுழையாத மூலைகள் நிறைந்த ஆரங்களை 400 நம்பரோடு நிறுத்தி, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) அடித்து, வெள்ளி நிறப் பெயின்டும் கிளியரும் பூசிவிட்டேன். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வீலுக்குப் பத்து நிமிடம் ஆகிறது.